பொழுதுபோக்குக் கடைகள் மூடிக்கொண்டே போகின்றன: போவது சரக்கா, ஆளா?

காற்றாடி (இழையைத் தொடங்கியவர்)

மாடல் விமானம், ரயில், மின்னணு உதிரி, தபால்தலை, பின்னல் நூல், மைப்பேனா, பலகை விளையாட்டு என்று ஒவ்வொன்றுக்கும் தனிக்கடை இருந்த காலம் நம் கண்முன்னே முடிந்துகொண்டிருக்கிறது. ஏன் என்று கேட்டால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "இணையத்தில் விலை குறைவு, கடையால் தாக்குப்பிடிக்க முடியவில்லை." இது பாதி உண்மை என்று நினைக்கிறேன். மீதியைப் பேசத்தான் இந்த இழை.

நம் மாதிரி ஆட்களுக்குத் தபாலில் வாங்குவது புதிதே இல்லை. பிரிட்டனில் மேப்லின் 1972-இல் மின்னணு உதிரிகளைத் தபாலில் விற்றுத்தான் தொடங்கியது. கடைகள் பிறகுதான் வந்தன. அமெரிக்காவில் மின்னணு உதிரி விற்கும் டிஜி-கீ தொடங்கியதும் அதே 1972-இல்தான். அமெச்சூர் வானொலிக்காரர்கள் மோர்ஸ் சங்கேதம் அனுப்புவதற்கான ஒரு கிட்டிலிருந்து (நாமே பூட்டிக்கொள்ளும் உதிரித் தொகுப்பிலிருந்து) வந்த பெயர் அது. பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து, விலைப்பட்டியல் வரவழைத்து, பணம் அனுப்பிவிட்டுக் காத்திருந்த தலைமுறைகள் உண்டு. அத்தனைக்கும் நடுவில் கடைகள் நன்றாகவே ஓடின. ஆகவே தபாலில் விற்பது மட்டும் கடையை மூடவைக்கவில்லை.

கடைக்காரர் நமக்கு இரண்டு விஷயங்களைக் கொடுத்தார் என்பது என் கணக்கு. ஒன்று, பெட்டியில் இருக்கும் சரக்கு. இன்னொன்று, அவருடைய அனுபவமும் நேரமும். "இந்த எஞ்சின் உங்களுக்கு வேண்டாம், முதலில் இதை ஓட்டிப் பழகுங்கள்" என்று சொல்லும் அந்தப் பேச்சுக்கு அவர் ஒருநாளும் பில் போட்டதில்லை. பெட்டியில் கிடைத்த லாபத்தில்தான் அந்தப் பேச்சும் ஓடியது. பெட்டி வியாபாரம் இணையத்துக்குப் போனதும் பேச்சுக்குக் காசு வரும் வழி அடைபட்டுவிட்டது.

சரக்கு இன்று முன்னைவிட அதிகமாகவே கிடைக்கிறது. ஆள்தான் கிடைப்பதில்லை. அந்த ஆள் நமக்கு வேண்டுமென்றால் அவருக்குத் தனியாகக் காசு கொடுக்க நாம் பழக வேண்டும். உங்கள் அனுபவம் என்ன? மாற்றுக்கருத்து இருந்தால் கட்டாயம் எழுதுங்கள்.

---

மைத்துளி

மைப்பேனாக்காரனாக என் பங்கு.

நல்ல பேனாக்கடையில் என்ன நடக்கும் தெரியுமா? பேனாவை எடுத்துக் கொடுப்பதற்கு முன்பே கடைக்காரர் பூதக்கண்ணாடியில் நிப்பின் முனையைப் பார்ப்பார். நடுவில் பிளந்திருக்கும் இரண்டு பற்களும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா, பிளவு முனை வரைக்கும் சீராக ஒடுங்கி வருகிறதா என்று கவனிப்பார். ஒரு பல் ஒரு மயிரிழை தூக்கி நின்றாலும் ஒரு பக்கமாக எழுதும்போது காகிதத்தைக் கீறும். அதை நகத்தால் மெல்ல அழுத்திச் சரிசெய்துவிட்டு, மையில் தோய்த்து, "உங்கள் கையெழுத்தைப் போட்டுப் பாருங்கள்" என்று நீட்டுவார். நாம் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே நிற்பார். பேனாவை உருட்டிப் பிடிக்கிறோமா, அழுத்தி எழுதுகிறோமா என்பது அவருக்கு ரெண்டு வரியில் தெரிந்துவிடும். அதற்கப்புறம்தான் நிப் ஃபைனா (மெல்லிய கோடு), மீடியமா என்ற பேச்சே வரும்.

இணையத்தில் அதே பேனா அதே பெட்டியில் வருகிறது. நிப் சரியாக அமைந்திருந்தால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் புதிதாக வருபவர், "மைப்பேனாவே இப்படித்தான் போலிருக்கிறது, கீறுகிறது, மை வரவில்லை" என்று மேசை இழுப்பறையில் போட்டுவிடுகிறார். அவர் திரும்ப இந்தப் பக்கம் வருவதில்லை. விற்பனைக் கணக்கில் அது ஒரு பேனா. இந்தப் பொழுதுபோக்குக்கோ ஒரு ஆள் நஷ்டம்.

---

பழைய வானொலி

காற்றாடி அண்ணா சொன்னதோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் பழியை முழுக்க இணையத்தின் தலையில் போட முடியாது. பொழுதுபோக்கே உருமாறியதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எங்கள் துறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஹீத்கிட் என்ற அமெரிக்க நிறுவனம் 1947-இல் ஆசிலாஸ்கோப் (மின்னலையைத் திரையில் காட்டும் கருவி) கிட் விற்கத் தொடங்கியது. தொலைக்காட்சிப் பெட்டியைக்கூட ஜனங்கள் வீட்டிலேயே சால்டர் செய்து (ஈயம் உருக்கி ஒட்டி) பூட்டினார்கள். அந்நிறுவனம் கிட் தொழிலை விட்டது 1992-இல். அப்போது இணைய வியாபாரம் என்ற ஒன்றே இல்லை. தொழிற்சாலையில் இயந்திரம் பூட்டும் கருவி, நாம் கையால் பூட்டுவதைவிட மலிவாகிவிட்டது. அதோடு உதிரிகள் கண்ணுக்கே தெரியாத அளவுக்குச் சிறுத்துவிட்டன.

ரேடியோஷாக் 1921-இல் பாஸ்டனில் வானொலிக்காரர்களுக்காகத் தொடங்கிய கடை. கடைசிக் காலத்தில் அவர்கள் கைபேசி விற்பதைத்தான் பெரிதாக நம்பியிருந்தார்கள். ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் எல்லாம் பின்பக்க இழுப்பறைகளுக்குப் போய்விட்டன. 2015-இல் திவால். எந்தக் கூட்டம் அவர்களைத் தேடி வந்ததோ அந்தக் கூட்டத்தை அவர்களே முதலில் கைவிட்டார்கள். மேப்லின் 2018-இல் விழுந்தது.

வருத்தம் என்னவென்றால், சரியாக அந்தச் சமயத்தில்தான் கையால் செய்கிற ஆசை திரும்ப வந்துகொண்டிருந்தது. வீட்டில் கருவி செய்து பழகுவதற்கான சின்னக் கணினிப் பலகைகள் வந்தன: ஆர்டுயினோ 2005, ராஸ்பெரி பை 2012. புதிய பிள்ளைகள் திரளாக உள்ளே வந்தார்கள். அவர்களை வரவேற்கக் கடைகளில் ஆளில்லை.

இன்னொரு விஷயம், போலிச் சரக்கு. பெரிய இணையச் சந்தைகளில் யார் விற்கிறார்கள் என்றே தெரியாது. 2014-இல் எஃப்டிடிஐ என்ற சிப் நிறுவனத்தின் விண்டோஸ் டிரைவர் புதுப்பிப்பு ஒன்று வந்தது. அவர்களுடைய யுஎஸ்பி சிப்பின் போலிகளை அது செயலிழக்க வைத்தது. போலி என்று தெரியாமலே வாங்கி வைத்திருந்த எத்தனையோ பேரின் மின்னணுப் பலகைகள் ஒரே நாளில் ஊமையாயின. நல்ல கடைக்காரர் ஒரு டிரான்சிஸ்டரைக் கையில் எடுத்து, மேலே அச்சிட்டிருக்கும் எழுத்தையும் காலின் முலாமையும் பார்த்தே, "இது சரியில்லை, வேறு எடுக்கிறேன்" என்பார். எழுத்தைச் சுரண்டிவிட்டு வேறு எண்ணை அச்சடித்து விற்பது இந்தத் தொழிலில் பழைய திருட்டு.

---

தொலைவில்

எல்லோரும் கடையை நினைத்து உருகுகிறீர்கள். நான் மறுபக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

சக்கர நாற்காலியில் இருப்பவள் நான். இங்கே புகழப்படும் கடைகளில் பல, படியேறிப் போகும் மாடியிலோ ஒரு ஆள் மட்டும் நுழையக்கூடிய சந்திலோதான் இருக்கும். அலமாரிக்கும் அலமாரிக்கும் நடுவே என் நாற்காலி போகாது. என் பொழுதுபோக்கு சிறு உருவங்களுக்கு வண்ணம் தீட்டுவது. தூரிகையை எப்படிப் பிடிக்க வேண்டும், வண்ணத்தை எவ்வளவு நீர்க்கவைக்க வேண்டும், காய்ந்தபின் எப்படி மேல்பூச்சு தர வேண்டும் எல்லாம் காணொளி பார்த்துக் கற்றதுதான். ஒரு காட்சி புரியவில்லையா, ஓட்டி ஓட்டித் திரும்பப் பார்ப்பேன். யாருக்கும் சலிப்பு வராது, "போனவாரமே சொன்னேனே" என்ற பார்வை இருக்காது.

கடையே இல்லாத ஊர்களில் இருப்பவர்களையும் நினைத்துப் பாருங்கள். அவர்களுக்கு இணையம் எதையும் பறிக்கவில்லை, முதன்முதலாகக் கொடுத்தது. "ஆள் போய்விட்டார்" என்று நீங்கள் சொல்கிறீர்கள். அந்த ஆள் எங்களுக்கு எப்போதும் இருந்ததில்லை.

---

நூற்கண்டு

தோழி, நீங்கள் சொன்னதில் ஒரு வார்த்தைகூட மறுப்பதற்கில்லை. கூடவே இதையும் சொல்லிவிடுகிறேன். மாடல் கடை, மின்னணுக் கடை பலவற்றில் பெண் ஒருத்தி நுழைந்தால் "யாருக்கு வாங்க வந்திருக்கீங்க?" என்பதுதான் முதல் கேள்வி. நான் கேட்ட கேள்விக்கு என்கூட வந்த தம்பியைப் பார்த்துப் பதில் சொன்ன கடை உண்டு. அவனுக்குச் சால்டரிங் அயர்னை எந்தப் பக்கம் பிடிப்பதென்றே தெரியாது. அந்தக் கடை மூடியதற்கு நான் வருந்தவில்லை.

ஆனால் நூல் கடை மூடியதற்கு வருந்துகிறேன். காரணம் இருக்கிறது. பின்னல், குரோஷா போடுகிறவர்களுக்கு டை லாட் எண் (ஒரே தடவை சாயம் போட்ட நூலுக்குத் தரும் எண்) தெரியும். ஒரே நிறம், ஒரே நிற எண், ஆனால் வேறு வேறு தடவை சாயம் போட்ட நூலில் லேசான வித்தியாசம் இருக்கும். கண்டில் பார்த்தால் தெரியாது. பின்னி முடித்ததும் முதுகில் பட்டை போட்ட மாதிரி தெரியும். கடையில் என்றால் எல்லாக் கண்டையும் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், சீட்டிலிருக்கும் எண்ணைப் பார்த்துச் சேர்த்து எடுப்போம். "ஒரு கண்டு கூட எடுத்துக்கோங்க, மிஞ்சினா திருப்பிக் கொண்டாங்க" என்பார்கள். இணையத்தில் குறிப்புப் பெட்டியில் எழுதிக் கேட்டாலும் கலந்துதான் வருகிறது. நூலைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பதைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். குழந்தைக்குப் பின்னுகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் முதலில் செய்வார்கள்.

பெரிய கடைகள் போன கதையில் இன்னொன்றும் உண்டு. அமெரிக்காவில் 1943-இல் தொடங்கிய ஜோஆன் துணிக்கடைச் சங்கிலி, சுமார் 800 கடைகள், 2025-இல் முழுவதுமாக மூடப்பட்டது. அது 2011-இல் ஒரு முதலீட்டு நிறுவனத்தின் கைக்குப் போனது. டாய்ஸ் ஆர் அஸ் என்ற பொம்மைக்கடைச் சங்கிலியும் 2005-இல் அப்படித்தான் கைமாறியது. வாங்குகிறவர் கடன்பட்டு வாங்குவார், அந்தக் கடனைக் கடையின் தலையில் வைப்பார். டாய்ஸ் ஆர் அஸ் வருஷா வருஷம் வட்டி கட்டியே களைத்தது. கடையைப் புதுப்பிக்கக் கையில் காசில்லை. 2017-இல் திவால் மனு, மறுவருடம் அமெரிக்கக் கடைகள் அத்தனையும் மூடல். இணையத்தோடு போட்டிபோட வேண்டிய நேரத்தில் கையைக் கட்டிவிட்டார்கள். இதையும் "இணையம் கொன்றது" என்றே எழுதிவிடுகிறார்கள்.

---

கடைக்காரர்

மாடல் கடை வைத்திருந்தவன். இப்போது இல்லை. உள்கணக்கு தெரிந்தவன் என்ற முறையில் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தொழிலில் சரக்கு மெதுவாகத்தான் நகரும். மளிகைக் கடையில் ஒரு மூட்டை தீர்ந்தால் அடுத்த மூட்டை வரும், போட்ட பணம் சுற்றிக்கொண்டே இருக்கும். எங்கள் கடையில் ஒரு கிட் அலமாரியில் வருஷக்கணக்கில் இருக்கும். அந்தப் பணம் அங்கேயே தூங்கும். அதோடு இழுப்பறைகள் இருக்கின்றன. புரொப்பெல்லர், பல்சக்கரம், பேரிங், ரயிலுக்கு இணைப்புக் கொக்கி, விதவிதமான அளவில் நட்டு போல்ட்டு. மாடல் ரயிலின் அளவு விகிதத்தில் மட்டும் எச்ஓ (HO) என்றால் 1:87, ஓஓ (OO) என்றால் 1:76, 'என்' (N) என்றால் 1:160, பிரிட்டிஷ் 'என்' என்றால் 1:148. ஒன்றின் உதிரி பெரும்பாலும் இன்னொன்றுக்குப் பொருந்தாது. எல்லாவற்றையும் வைத்திருந்தால்தான் கடை, இல்லையென்றால் "அவரிடம் எதுவுமே இருக்காது" என்று பெயர்.

இந்த இழுப்பறைகளில் லாபமே கிடையாது. ஒரு சின்னப் பல்சக்கரம் விற்கப் பத்து நிமிஷம் தேட வேண்டும். பெரிய கிட், ரிமோட் செட், எஞ்சின் இவை விற்ற லாபம்தான் இழுப்பறையைத் தாங்கியது. இணையம் முதலில் எடுத்துக்கொண்டது அந்தப் பெரிய சரக்கை. விலையுயர்ந்தது, பெட்டியில் அப்படியே அனுப்பலாம், மாடல் எண்ணைப் போட்டு விலை ஒப்பிடலாம். பெரிய சரக்கு போயிற்று, இழுப்பறை மட்டும் எங்களிடம் மிஞ்சியது. வேறெங்கோ வாங்கிய ஹெலிகாப்டர் உடைந்தால் அந்த ஒரு பல்சக்கரத்துக்கு எங்களிடம் வருவார்கள். வருவதில் தப்பில்லை. ஆனால் அதை வைத்து வாடகை கட்ட முடியாது.

அடுத்தது மொத்த விற்பனையாளர். 2018 தொடக்கத்தில் ஹாபிக்கோ திவாலானது. அமெரிக்காவில் இந்தச் சரக்கின் மிகப் பெரிய விநியோகஸ்தர்களில் ஒருவர் அவர்கள். ரெவெல் மாடல் கிட், எஸ்டெஸ் மாடல் ராக்கெட் எல்லாம் அவர்கள் கையில்தான் இருந்தன. ஒவ்வொன்றும் ஒவ்வொருவருக்குப் பிரிந்து போயிற்று. இப்படி ஒரு பெரிய விநியோகஸ்தர் விழுந்தால் அவரை நம்பியிருக்கும் சின்னக் கடைகள் புதுக் கணக்குத் தொடங்க வேண்டும், புது நிபந்தனை, புதுக் குறைந்தபட்ச ஆர்டர். வாடிக்கையாளர் வந்து கேட்கும்போது சரக்கு இருக்காது. ஒருமுறை இல்லை என்றால் அவர் இணையத்துக்குப் பழகிவிடுவார், அப்புறம் வரமாட்டார்.

அதற்கு மேல் தயாரிப்பாளரே தன் தளத்தில் நேரடியாக விற்க ஆரம்பித்தார். எனக்கு மூன்று பெட்டி தருவதாகச் சொன்ன புது வெளியீட்டை, எனக்கு வந்துசேரும் முன்பே அவர் தளத்தில் முன்பதிவில் விற்றுத் தீர்த்திருப்பார்.

காற்றாடி சொன்னதற்கு நேராகப் பதில்: ஆமாம், பேச்சுக்குக் காசு வாங்கத் தெரியாமல் போனதுதான் எங்கள் தலைமுறைக் கடைக்காரர்களின் பெரிய குறை. ஆனால் வாங்கியிருந்தால் நீங்கள் கொடுத்திருப்பீர்களா?

---

கணக்கன்

கடைக்காரர் ஐயா எழுதியதைப் படித்துவிட்டுச் சும்மா போக மனமில்லை.

இதைப் பொருளாதாரத்தில் வெகுநாளாகவே பேசியிருக்கிறார்கள். லெஸ்டர் டெல்சர் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1960-இலேயே இதைத் தெளிவாக எழுதினார். ஒரு கடை செலவு செய்து விளக்கம் சொல்கிறது, காட்டுகிறது, பழக்குகிறது. இன்னொரு கடை எதுவும் செய்யாமல் விலையை மட்டும் குறைக்கிறது. வாடிக்கையாளர் முதல் கடையில் கேட்டுத் தெரிந்துகொண்டு இரண்டாவது கடையில் வாங்குகிறார். கொஞ்ச நாளில் முதல் கடையும் விளக்கம் சொல்வதை நிறுத்திவிடும். அதனால்தான் சில தயாரிப்பாளர்கள், "இந்த விலைக்குக் கீழே யாரும் விற்காதீர்கள்" என்று நிபந்தனை போட விரும்புகிறார்கள் என்பது அவர் வாதம்.

அமெரிக்காவில் 1911-இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அப்படிப்பட்ட நிபந்தனையைத் தானாகவே சட்டவிரோதம் என்றது. 2007-இல் லீஜின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, ஒவ்வொரு வழக்கிலும் நன்மை தீமையை எடைபோட்டு முடிவு செய்யச் சொன்னது. பிரான்ஸ் புத்தகங்களுக்கு 1981-இல் சட்டமே போட்டது: பதிப்பாளர் வைத்த விலையில் 5 சதவீதத்துக்கு மேல் தள்ளுபடி கூடாது. எல்லோரும் ஏறக்குறைய ஒரே விலைக்கு விற்றால், வாடிக்கையாளர் நல்ல ஆளைத் தேடிப் போவார் என்ற நம்பிக்கை.

விலைக்கட்டுப்பாட்டில் ஆபத்தும் உண்டு. சோம்பேறிக் கடைக்கும் அதே லாபம் கிடைக்கும். நூற்கண்டு அக்கா சொன்னாரே, அந்தக் கடையும் பிழைத்துக்கொள்ளும்.

---

புதுவரவு

வணக்கம். இந்த வருடம்தான் மாடல் விமானம் பக்கம் வந்திருக்கிறேன். எல்லாம் இணையத்தில்தான் வாங்கினேன். காணொளி நிறையப் பார்க்கிறேன், ஆனாலும் என் இறக்கை முறுக்கிக்கொண்டே வருகிறது. மரம் பிரச்சினையா, என் கை பிரச்சினையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

---

காற்றாடி

புதுவரவு தம்பி, உங்கள் கேள்வியே இந்த இழைக்கு நல்ல உதாரணம்.

மாடல் விமானம் கட்டும் அந்த லேசான பால்சா மரம் எல்லாம் ஒன்றல்ல. மரத்தை எந்தத் திசையில் அறுத்தார்கள் என்பதைப் பொறுத்து ஏ, பி, சி என்று பிரிப்பார்கள். ஏ வகைத் தகடு குறுக்காக எளிதில் வளையும், உருண்டையான மூக்கையோ இறக்கையின் முன்விளிம்பையோ போர்த்த அதுதான். சி வகையில் மேற்பரப்பில் புள்ளிபுள்ளியாக, வெளிச்சத்தில் மினுங்கும். அது விறைப்பானது, வளைத்தால் பிளந்துவிடும். இறக்கையின் குறுக்குச் சட்டங்களுக்கு அது உத்தமம். எடையும் மாறும். ஒரே அளவுத் தகட்டில் ஒன்று இன்னொன்றைவிட இரண்டு மடங்கு கனமாக இருப்பதும் உண்டு.

கடையில் தகடுகளை ஒவ்வொன்றாக எடுத்து, இரண்டு விரலில் தொங்கவிட்டு, மெல்ல வளைத்துப் பார்த்துப் பொறுக்குவோம். இடது இறக்கைக்கும் வலது இறக்கைக்கும் ஒரே மாதிரி வளைகிற ஜோடி கிடைக்கும்வரை விடமாட்டோம். உங்களுக்கு வந்த மரத்தில் ஒரு பக்கம் கனமான விறைத்த மரமும் மறுபக்கம் லேசான மரமும் வந்திருந்தால், மேல்தாளை ஒட்டி டோப் (தாளை இறுக்கும் பூச்சு) அடித்ததும் அது காய்ந்து இறுகும்போது லேசான பக்கம் முறுக்கிக்கொள்ளும். மேசை சமமில்லை என்றாலும் முறுக்கும், பலகையிலிருந்து சீக்கிரம் எடுத்தாலும் முறுக்கும். எது என்று பார்க்காமல் சொல்ல முடியாது. முதலில் இரண்டு பக்கச் சட்டங்களையும் வளைத்துப் பாருங்கள். மரம் சரியென்றால் மேசையைப் பாருங்கள்.

இதில் இன்னொரு உலகச் செய்தியும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பால்சா பெரும்பாலும் ஈக்வடாரிலிருந்து வருகிறது. காற்றாலை இறக்கைகளுக்குள்ளேயும் அதே மரம்தான். 2020 வாக்கில் காற்றாலைக்காரர்கள் அள்ளிக்கொண்டு போனதில் நமக்கு நல்ல மரம் கிடைப்பதே அரிதாயிற்று. அந்தச் சமயத்தில், மரம் பார்த்து எடுத்து ஒதுக்கி வைக்கத் தெரிந்த கடைக்காரர் ஒருவர் இருந்தால் அது பெரிய விஷயம்.

இணையத்துக்குப் பிடிபடாத சரக்கும் உண்டு. லித்தியம் அயான் பேட்டரியைத் தனியாகப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவதை 2016 ஏப்ரல் முதல் சர்வதேச அளவில் தடுத்துவிட்டார்கள். சரக்கு விமானத்தில் போனாலும் சார்ஜ் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எஞ்சின் எரிபொருளில் மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் இருக்கின்றன. டோப், தின்னர், ஸ்பிரே எல்லாம் தீப்பற்றும். இதையெல்லாம் பக்கத்தில் இருக்கும் கடையில் வாங்குவதுதான் சுலபம், பாதுகாப்பும்கூட.

'தொலைவில்' என்ற பெயரில் தோழி எழுதியதற்கும் பதில் சொல்ல வேண்டும். கடைகள் பலரை வாசலிலேயே நிறுத்தின என்பது உண்மை. அந்தக் கதவைத் திறந்தது இணையம் என்பதை முழு மனதோடு ஏற்கிறேன். என் கவலை அடுத்த கட்டத்தைப் பற்றியது. காணொளி நமக்குக் காட்டும், நாம் செய்வதை அது பார்க்காது. புதுவரவின் இறக்கையை யாராவது ஒருவர் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும்.

---

பகடை

பலகை விளையாட்டுப் பக்கம் இதற்கு ஒரு வழி கிடைத்திருக்கிறது, மற்றவர்களுக்குப் பயன்படுமா பாருங்கள்.

மேஜிக் தி கேதரிங் என்ற சீட்டு விளையாட்டு 1993-இல் வந்தது. சீட்டுகளை இணையத்தில் மலிவாக வாங்கலாம். ஆனாலும் தயாரிப்பாளர் ஒரு காரியம் செய்தார். புதுத் தொகுப்பு பொதுவிற்பனைக்கு வருவதற்கு முன் அதை வைத்து விளையாடும் நிகழ்ச்சியைக் கடைகளில் நடத்த ஏற்பாடு செய்தார். முதலில் கையில் வேண்டுமென்றால் கடைக்கு வரவேண்டும், நுழைவுக் கட்டணம் உண்டு, மேசையும் எதிராளியும் அங்கேதான். கடை விற்றது சீட்டோடு சேர்த்து ஒரு சாயங்காலத்தையும்.

இசைத்தட்டுக் கடைகளும் அப்படித்தான். 2008-இல் முதல் ரெக்கார்ட் ஸ்டோர் டே நடந்தது. சுயேச்சைக் கடைகளில் மட்டும் கிடைக்கும் விசேஷ வெளியீடுகள். அமெரிக்காவில் 2022-இல் வினைல் தட்டுகள் எண்ணிக்கையில் சிடியை முந்தின, 1987-க்குப் பிறகு முதல் தடவை. டவர் ரெக்கார்ட்ஸ் 2006-இல் அமெரிக்காவில் கடைகளை மூடியது, ஜப்பானில் இன்றும் இருக்கிறது.

புத்தகக் கடைகளைப் பற்றி ஹார்வர்டின் ரயன் ரஃபேலி ஆராய்ந்திருக்கிறார். அமெரிக்கச் சுயேச்சைப் புத்தகக் கடைகள் 2009-இல் 1,651 ஆகத் தேய்ந்து, 2018-இல் 2,470 ஆக வளர்ந்தன. அமேசான் உச்சத்தில் இருந்த காலம் அது. ஆட்களைக் கூட்டுவதும், தேர்ந்து அடுக்குவதும், ஊரோடு ஒட்டியிருப்பதும் அவற்றைக் காப்பாற்றின என்கிறார்.

---

பழைய வானொலி

பகடை சொல்வது நல்ல செய்திதான். ஆனால் எல்லாத் துறைக்கும் பொருந்தாது. கேமராவைப் பாருங்கள். ஜப்பானியத் தயாரிப்பாளர் சங்கத்தின் கணக்குப்படி 2010-இல் 12 கோடிக்கு மேல் டிஜிட்டல் கேமரா அனுப்பினார்கள். 2020-இல் அது 90 லட்சத்துக்கும் கீழே. கைபேசி வந்துவிட்டது. பிரிட்டனின் ஜெசாப்ஸ் கேமராக் கடைச் சங்கிலி 2013-இல் விழுந்தபோது எந்தச் சாயங்கால நிகழ்ச்சியும் அதைக் காப்பாற்றியிருக்காது. தபால்தலைக்கும் அப்படித்தான். வீட்டுக்குக் கடிதமே வராத பிள்ளைக்குத் தபால்தலை எப்படி அறிமுகமாகும்?

---

தொலைவில்

காற்றாடி அண்ணா, "நாம் செய்வதை அது பார்க்காது" என்ற வரியை ஒப்புக்கொள்கிறேன். என் உருவங்களைப் படமெடுத்துக் குழுவில் போடுவேன், நல்ல கருத்துகள் வரும். ஆனால் தூரிகையில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பது படத்தில் தெரியாது. யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் நன்றாயிருக்கும் என்று நானும் நினைத்ததுண்டு.

ஆனால் பக்கத்தில் உட்காரும் இடம் கடையாகத்தான் இருக்க வேண்டுமா? நூலகத்தில் ஒரு அறை, பள்ளியின் ஆய்வகம், பொதுப் பட்டறை போதாதா? அங்கே சாய்தளம் இருக்கும், மின்தூக்கி இருக்கும், "யாருக்கு வாங்க வந்தீங்க" என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

---

நூற்கண்டு

தோழி, எங்கள் பின்னல் கூட்டம் அப்படித்தான் நடக்கிறது, பொது அறையில். சந்தோஷமாகவே போகிறது. ஆனால் ஒரு சிக்கல்: ஏற்கெனவே பின்னத் தெரிந்தவர்கள்தான் வருகிறார்கள். கடையென்றால் வேறெதற்கோ தெருவில் போகிறவர் கண்ணாடியில் நூலைப் பார்த்துவிட்டு உள்ளே வருவார். சங்கத்துக்கு அந்தக் கண்ணாடி கிடையாது.

---

புதுவரவு

காற்றாடி அண்ணா, வளைத்துப் பார்த்தேன். வலது பக்கச் சட்டங்கள் தெளிவாக மெத்தென்று இருக்கின்றன. மரம்தான்! நன்றி.

இன்னொரு கேள்வி, கடைக்காரர் ஐயாவுக்கு. நான் இருக்கும் இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு சின்ன மாடல் கடை இன்னும் திறந்திருக்கிறது. எனக்கு எல்லாவற்றையும் அங்கே வாங்க வசதியில்லை. என்ன வாங்கினால் அவருக்கு உண்மையில் உதவும்?

---

கடைக்காரர்

தம்பி, நல்ல கேள்வி. கடை வைத்திருந்த காலத்தில் இதை யாராவது கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பேன்.

தீர்ந்து தீர்ந்து திரும்ப வாங்குகிற சாமானை அங்கே வாங்குங்கள். வண்ணம், பசை, பிளேடு, உப்புத்தாள், எரிபொருள். இவைதான் கடையில் வேகமாகச் சுற்றும், போட்ட பணம் சீக்கிரம் திரும்பும். நீங்கள் மாதாமாதம் வாங்கும் சின்னப் புட்டி, வருஷத்துக்கு ஒருமுறை வாங்கும் பெரிய பெட்டியைவிட அவருக்கு நிம்மதி தரும். பால்சாவும் அங்கேதான், காரணம் காற்றாடி எழுதிவிட்டார்.

பெரிய கிட் வேண்டுமென்றால் முதலில் அவரிடம் "வரவழைத்துத் தருவீர்களா" என்று கேளுங்கள். முன்பணம் கொடுத்துக் கேட்டால் இன்னும் நல்லது, அவர் பணம் அலமாரியில் தூங்காது. விலை ஒத்துவரவில்லையா, நேராகச் சொல்லிவிட்டு இணையத்தில் வாங்குங்கள். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, அவருக்கும் வீட்டுச் செலவு தெரியும். அவர் கையில் பெட்டியைப் பிரித்துப் பார்த்து, அரைமணி நேரம் விளக்கம் கேட்டுவிட்டு வெளியே போய் ஆர்டர் போடுவதுதான் மனசை உடைக்கும்.

முக்கியமானது இது: எஞ்சின் டியூன் செய்யவோ, முதல் தடவை பறக்கவிட உதவவோ கேட்டால் "எவ்வளவு ஆகும்?" என்று நீங்களே கேளுங்கள். அவராகக் கேட்கக் கூச்சப்படுவார். முதல் தடவை "அதெல்லாம் வேண்டாம்ப்பா" என்பார். விடாதீர்கள். நான் கடைசி வருஷங்களில் சனிக்கிழமை வகுப்புக்குக் கட்டணம் வைத்தேன். பழைய வாடிக்கையாளர் சிலர் கோபித்துக்கொண்டார்கள். புதிதாக வந்தவர்கள் முகம் சுளிக்கவில்லை, பணம் கொடுத்துக் கற்பதுதான் அவர்களுக்கு இயல்பாக இருந்தது. நல்ல கூட்டம் வந்தது. ஆனால் வாடகை உயர்ந்தபோது வகுப்புக் கட்டணத்தால் ஈடுகட்ட முடியவில்லை. இன்னும் முன்னாடியே ஆரம்பித்திருக்கலாம்.

பழைய கிட்டுகளைப் பங்குக்கு விற்றுத் தருவதும் நன்றாக ஓடியது. பொழுதுபோக்கை விட்டவர்கள் கொண்டுவந்து வைப்பார்கள், விற்றால் எனக்கு ஒரு பங்கு. அந்தச் சரக்குக்கு நான் முதல் போட வேண்டியதில்லை.

---

தொலைவில்

ஐயா, அந்தச் சனிக்கிழமை வகுப்பு கடைக்குள்ளேதான் நடக்க வேண்டுமா? கடைக்காரரே பொது அறைக்கு வந்து நடத்தி, கட்டணம் வாங்கிக்கொண்டு, பசையையும் வண்ணத்தையும் ஒரு பெட்டியில் கொண்டுவந்து விற்றால்? எங்களுக்கு மாடிப்படி பிரச்சினை தீரும், அவருக்கு அந்த நாளுக்கான இடவாடகை குறையும்.

---

கடைக்காரர்

நடக்கும் அம்மா. தாராளமாக நடக்கும். ஒன்றிரண்டு விஷயம் மட்டும் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும்: உட்புற அறையில் ஸ்பிரேயும் டோப்பும் கூடாது, தூரிகை வேலையும் தண்ணீரில் கரையும் வண்ணமும் மட்டும். ஒரு ஆள் பார்த்துச் சொல்ல ஆறு ஏழு பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். கட்டணத்தை முதல் நாளே அறிவித்துவிடுங்கள். உங்கள் பக்கத்தில் யாராவது கடைக்காரர் தயங்கினால் என்னிடம் பேசச் சொல்லுங்கள், வகுப்புக்கு நான் வைத்திருந்த சாமான் பட்டியலை அனுப்புகிறேன்.